ஒன்பதாம் குழியின் குளம்

கிளப்பின் வரலாற்றுப் புத்தகம் இன்று பூச்சோங் வீட்டுக்குத் தபாலில் வந்தது. நடுப்பக்கத்தில் நாம் இருவரும் புல் வளர்த்த கோல்ப் திடலின் ஒன்பதாம் குழி, அதன் குளம், பின்னால் கடல். நீ இருந்திருந்தால் முதலில் புல்லின் நிறத்தைத்தான் குறை சொல்லியிருப்பாய்.

வெள்ளைக்காரத் துரைமார்கள் கரையோரக் காட்டை அழித்துத் திடல் போட்டது, ஜப்பான்காரன் காலத்தில் அதில் மரவள்ளி நட்டது, எல்லாம் விவரமாக இருக்கிறது. நம் காலத்துக்கு ஒரே வரி. ஒன்பதாம் குழி தொலைநோக்கோடு மாற்றியமைக்கப்பட்டதாம். படித்தேன். சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

தொலைநோக்கு என்ன இருந்தது, என் மறதிதான். கடல்பக்க மதகை நாம் இருவரும் முறை வைத்துப் பார்த்தோம். மழைத்தண்ணீர் வடியத் திறக்க வேண்டும், பௌர்ணமிக் கடற்பெருக்குக்கு முன் அடைக்க வேண்டும். அன்று என் முறை. மகளைப் பள்ளியில் சேர்க்கக் கிள்ளானுக்கு ஓடியவன் அடைக்காமல் போய்விட்டேன். உப்புத்தண்ணீர் ஏறி, பிள்ளை மாதிரி வளர்த்த புல் வெளுத்துச் செத்தது.

மேனேஜர் நம்மை நிறுத்தி யார் முறை என்று கேட்டார்.

"என் டர்ன்தான் பாஸ். மறந்துட்டேன்லா," என்றாய்.

நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். உன்னை அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள். வாசலில் வைத்து, "ஒனக்கு மூணு பிள்ளைங்க, எனக்கு லோரி ஓட்டத் தெரியும், அதோட விடு," என்று அதட்டினாய். ஒன்பதாம் குழியருகே புல் செத்த இடத்தைத் தோண்டிக் குளமாக்கினார்கள். நான் அங்கேயே இருந்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

போன மாதம் உன்னைக் கிடத்தியிருந்த வீட்டுக்கு வந்தேன். அழுகை வரவில்லை. உன் மனைவி என்னைத் தனியாக அழைத்தார். வீட்டிலும் நீ உண்மையைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அவரு மதக அடைக்க மறந்ததால ஒங்களுக்கும் ஏச்சு விழுந்துச்சாமே. மனசுல வச்சிக்காதீங்க அண்ணே. அவர மன்னிச்சிருங்க."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"பரவால்லமா," என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, சோறு சாப்பிட்டேன்.