இரண்டாம் முறை கேட்கிற இடம்

அக்கா,

இன்று காலை டோஸ்டரில் பாண் கருகிவிட்டது. சமையலறை முழுக்கப் புகை. ஜன்னலைத் திறந்தேன். ஆக்லாந்தின் இந்த ஹென்டர்சன் பக்கத்து ஈரக்காற்று உள்ளே வந்ததே தவிர வாசனை வெளியே போகவில்லை. கறுப்பு பியரின் வாசனை. சனிக்கிழமைப் பின்னேரம். மழையில் நனைந்த உங்கள் கம்பளிக் கோட்.

நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. இன்றைக்கு எழுதுவதற்கு ஒன்று இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

உங்களை முதலில் பார்த்தது எப்சமில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். தீபாவளி. அந்த நாட்களில் ஆக்லாந்துத் தமிழர் எல்லோரும் வந்தாலும் பாதி நாற்காலிகள் மிஞ்சும். நான் சுவரோரம் நின்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான். நீங்கள் பட்டுச்சேலைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்துப் போட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த தாதி என்று பிறகுதான் தெரிந்தது.

"சாப்டாச்சா?" என்றீர்கள்.

ஓம் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. முதல் தடவை கேட்கும்போது ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படித்தான் வளர்ந்தேன்.

நீங்கள் என் கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். "விரல்ல மஞ்சள் இல்லியே. எந்தக் கையால சாப்ட்ட?" மறுபடியும் கேட்டீர்கள். மூன்றாம் முறை கேட்கும்போது தட்டு உங்கள் கையில் இருந்தது.

அப்புறம் சொன்னீர்கள், சனிக்கிழமை வா, பேசுவோம். எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. நீங்கள் மலேசியாக்காரி, உங்களுக்கு அது கதைப்பது. எனக்கு அது தெரியவில்லை. ஒரு வாரம் முழுக்க, நான் என்ன பிழை செய்தேன் என்று யோசித்துக்கொண்டு திரிந்தேன்.

*

அப்போது த்ரீ கிங்ஸ் என்கிற பகுதியில் அண்ணா வீட்டில் இருந்தேன். அந்தச் சனிக்கிழமை நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு பப்புக்கு. திரும்பிப் போனபோது தலைமுடியெல்லாம் சிகரெட் மணம். நூலகத்தில் யாரோ புகைத்தார்கள் என்றேன். அண்ணா நம்பினார். அல்லது நம்புவது வசதி என்று நினைத்தார்.

அந்த முதல் பப்பை உங்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதையும். தரையில் ஊறிப்போன கம்பளம், ரேடியோவில் குதிரைப் பந்தயம், ஜக்குகளோடு நின்றபடி குடிக்கும் ஆண்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே சோதனை வைத்தீர்கள். பார்க்காரர் வந்து இன்னொன்று வேண்டுமா என்று கேட்பார். நீங்கள் வேண்டாம், நன்றி என்பீர்கள். அவர் சரி என்று போய்விடுவார். மரியாதையாகத்தான் போவார். நீங்கள் கோட்டை எடுத்துக்கொள்வீர்கள்.

"இது குடிச்சிட்டுப் போற இடம்லா. உக்காந்து குடிக்கிற இடம் இல்ல."

நீங்கள் குடிக்கப் பழகியது டப்ளினில். தைப்பிங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்த பிள்ளை, ஐரிஷ் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, அவர்கள் சொல்லித் தாதிப் பயிற்சிக்கு அந்த ஊருக்குப் போனீர்கள். அங்கே எங்கே குடிக்க வேண்டும் என்று ஒரு நாள் எனக்குப் படம் போட்டுக் காட்டினீர்கள். மேசையில் சிந்தியிருந்த பியரை விரலால் இழுத்து ஒரு ஆறு. இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. கிளாஸ் வைக்கும் அட்டைகள் எல்லாம் பப்புகள். இங்கே பாட்டு நன்றாக இருக்கும், குளிர் அதிகம். இங்கே பிணப்பெட்டி செய்கிறவர்கள் வருவார்கள், நல்ல மனிதர்கள், நிறையச் சிரிப்பார்கள். இங்கே உள்ளே ஒரு சின்னத் தடுப்பறை, ஸ்னக் என்று பெயர். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம். சுவரில் ஒரு சிறு ஜன்னல். தட்டினால் திறக்கும், ஒரு கை மட்டும் தெரியும், கிளாஸ் வரும்.

"ஏழு வருஷம் குடிச்சேன். அந்தக் கையோட மூஞ்சிய நான் பாத்ததே இல்ல."

அந்த ஊரை நான் ஆங்கில இலக்கியப் பாடப்புத்தகங்களில் படித்திருந்தேன். கட்டுரையும் எழுதியிருந்தேன். நல்ல புள்ளிகள். நீங்கள் போட்ட படம் பத்து நிமிடத்தில் காய்ந்து போனது. எனக்கு ஞாபகம் இருப்பது அதுதான்.

*

கடைசியில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தீர்கள். துறைமுகத்துக்குப் பின்தெருவில், ஒடுக்கமான வாசல். வைத்திருந்தவர் அயர்லாந்தின் மேற்குப் பக்கத்து ஆள். பெரிய காது. மூலையில் ஒரு பழைய தேவாலய வாங்கைப் போட்டு, பலகையால் மறைத்து, ஒரு ஸ்னக் மாதிரி செய்து வைத்திருந்தார். அதில் யாரும் உட்காருவதில்லை. நீங்கள் நேரே போய் அதில் உட்கார்ந்தது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. டப்ளினில் எந்த ஆஸ்பத்திரி என்று நீங்கள் சொன்னதும், அவருடைய தங்கை அங்கேதான் பிள்ளை பெற்றாள் என்றார். அன்றிலிருந்து நீங்கள் அவருக்குச் சிஸ்டர்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஏதாவது குடியுங்கள் என்றார். இல்லை, பரவாயில்லை என்றேன். சும்மா ஒரு சின்னது என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். இவ்வளவு சத்தமாக நீங்கள் சிரித்து நான் கேட்டதில்லை.

அவர் அம்மாவின் வீட்டில், முதல் கேள்விக்கே தேநீர் வேண்டும் என்று சொல்கிறவன் பஞ்சத்தில் அடிபட்டவன். மூன்றாவதுக்குத்தான் சரி சொல்ல வேண்டும். அவர் இதைச் சொன்னதும் நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள்: "தோட்டம், யாழ்ப்பாணம், அயர்லாந்து. மூணு ஊருக்கும் ஒரே வெக்கம்."

அந்தக் கறுப்பு பியரை அவர் பாதி ஊற்றி அப்படியே வைத்துவிடுவார். உள்ளே பழுப்பாக ஏதோ புரண்டு புரண்டு கீழிருந்து கறுக்கும். நான் கையை நீட்டினேன். "அடங்கட்டும்" என்றீர்கள். பிறகு மீதியை ஊற்றினார். ஒரு வாய் குடித்தேன். கருகின பாண். அதைத்தான் சொன்னேன். உங்கள் தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற இதைத்தான் கொடுப்பார்கள் என்றீர்கள். எனக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்றேன். நீயும் புதுசா வந்திருக்கியே என்றீர்கள்.

*

சனிக்கிழமைகள். நான் புத்தகங்களைப் பற்றிச் சொல்வேன். நீங்கள் வார்டைப் பற்றி. ஒரு சனிக்கிழமை உங்கள் கிளாஸ் பாதியில் நின்றது. அடுத்த சனிக்கிழமை தொடவேயில்லை. வயிற்றில் என்றீர்கள். நோயாளி ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னீர்கள். எந்த இடம், எவ்வளவு பரவியது, எத்தனை மாதம். தாதி என்பதால் உங்களிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் உதவி வேண்டுமா என்று கேட்டார்களாம். வேண்டாம் என்றீர்களாம். சரி என்றார்களாம்.

தைப்பிங்கில் ஒரு தம்பி இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரயில்வேயில் வேலை. நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுக்குப் போன் செய்திருக்கிறீர்கள். நான் வரட்டா அக்கா என்று கேட்டிருக்கிறான். வேணாம், எதுக்கு உனக்கு அலைச்சல் என்றிருக்கிறீர்கள். அதற்குள் போன் கார்டில் இருந்த நேரம் முடிந்து லைன் போய்விட்டது.

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். பிறகு கிளாஸைப் பார்த்தீர்கள்.

"இன்னொரு வாட்டி கேப்பான்னு நெனச்சேன்."

எனக்கு விளங்கியது. அந்தப் போனில் இரண்டாவது கேள்விக்கு நேரமில்லை. அவனும் உங்கள் சொல்லைத் தட்டாமல் வளர்ந்தவன். அங்கே அவன், அக்கா வரவேண்டாம் என்றுவிட்டாள் என்று உட்கார்ந்திருப்பான். இங்கே நீங்கள், கேட்பான் என்று உட்கார்ந்திருந்தீர்கள். நடுவே ஒரு கடல். உங்களுக்கோ மாதங்கள்தான் இருந்தன.

நான் தம்பிக்குப் போன் செய்யட்டுமா என்றேன்.

வேணாம் என்றீர்கள்.

எந்த வேண்டாம் அது? உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பார்க்காரர் கிளாஸ் துடைத்துக்கொண்டு நின்றார். தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் மறுபடி கேட்டேன். நீங்கள் கோபத்தோடு வேணாம் என்றீர்கள், அவனுக்குச் சின்னப் பிள்ளைகள், லீவு கிடைக்காது, நீ தலையிடாத. எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. மூன்றாம் முறை மெதுவாகத்தான் கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

நீங்கள் ஒவ்வொரு இலக்கமாகப் போன் நம்பரைச் சொன்னீர்கள்.

*

தம்பிக்கு என் தமிழ் முதலில் விளங்கவில்லை. "அக்காட்டத் திரும்பக் கேளுங்கோ" என்றேன். வேணாம்னுட்டாங்களே என்றார். "ஓம். எண்டாலும் திரும்பக் கேளுங்கோ." அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது.

கேட்டார். வந்தார். உங்களைப் போலவே நெற்றி. உங்கள் ஃபிளாட்டில் அவர் செய்த ரசத்தின் மணம் கீழ்மாடி வரை இறங்கியது. நீங்கள் ஒரு கரண்டிதான் குடித்தீர்கள். அதற்கே உப்பு கூட என்று குறை சொன்னீர்கள். அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு சனிக்கிழமை மூவரும் அந்தப் பப்புக்குப் போனோம். கம்பளிக் கோட்டுக்குள் நீங்கள் இருப்பதே தெரியவில்லை. பார்க்காரர் ஒன்றும் கேட்காமல் கறுப்பு பியரை ஊற்றி உங்கள் முன் வைத்தார். குடிப்பதற்கு இல்லை. அது அடங்குவதை நீங்கள் பார்ப்பதற்கு. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தம்பி என் காதோடு கேட்டார், "சிஸ்டர்னு கூப்புடுறாரே, இவருக்கும் அக்காவா?" நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். வலித்தது. ஆனாலும் சிரித்தீர்கள்.

தம்பிக்கு என்ன வேண்டும் என்று பார்க்காரர் கேட்டார். வேண்டாம் என்றார் தம்பி. மறுபடி கேட்டார். மறுபடி வேண்டாம். மூன்றாம் முறையும். பார்க்காரர் என்னைப் பார்த்தார். உங்கள் அப்பா தோட்டத்துக் கள்ளுக்கடையில் அழிந்தவர். தம்பி குடி இருக்கும் மேசையில் உட்கார்ந்ததே உங்களுக்காக.

"இவனோடது நெஜ வேணாம்" என்றீர்கள். "அதையும் கண்டுபிடிக்கத் தெரியணும்." லெமனேட் வந்தது.

*

கடைசி மாலை. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது. தம்பி கட்டிலின் அந்தப் பக்கம். இரவு நானும் இருக்கட்டுமா என்றேன். வேணாம் என்றீர்கள். இருக்கிறன் அக்கா என்றேன். கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினீர்கள், வேணாம். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. அது நிஜ வேண்டாமாக இருந்தால்? தம்பியும் நீங்களும் மட்டும் இருக்க வேண்டிய இரவாக இருந்தால்? உங்கள் கையை விட்டேன். பஸ் பிடித்தேன்.

விடியும்போது போய்விட்டீர்கள்.

விமான நிலையத்தில் தம்பியிடம் கேட்டேன், அன்றைக்கு அக்கா சொன்னது எந்த வேண்டாம் என்று. "நெஜந்தான் தங்கச்சி. எனக்குத் தெரியும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வரக்கூடும் என்று தோன்றியது. இன்னும் தோன்றுகிறது.

*

இந்த ஃபிளாட்டின் அடுத்த அறைக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். ஊரிலிருந்து, தனியே. கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறாள். இன்று காலை பாணை டோஸ்டரில் போட்டுவிட்டுப் போய்த் தட்டினேன். சாப்பிட வா என்றேன். "சாப்பிட்டன் அக்கா." கழுவுதொட்டியில் ஒரு கோப்பைகூட இல்லை. மறுபடி கேட்டேன். பசிக்கேல்லை என்றாள். கதவுக்கு வெளியே நின்றேன். இது எது என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் கேட்டுப் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருக்கிறது. நின்றதில் டோஸ்டரை மறந்துபோனேன். புகை வரத் தொடங்கியது. அப்படியே நின்று மூன்றாம் முறை கேட்டேன்.

தாழ்ப்பாள் சத்தம்.

வந்து மேசையில் உட்கார்ந்தாள். பாணைக் கத்தியால் சுரண்டினேன். வெள்ளைத் தொட்டியில் கறுப்பாகத் தூள் விழுந்து, நின்ற தண்ணீரில் புரண்டது. குழாயைத் திறக்கப் போன நான் கையை எடுத்துக்கொண்டேன். அடங்கட்டும்.