ஜிம்மிக்குப் பத்து நாள் கெடு

1931 ஏப்ரல் 7, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். காற்று தோல் பதனிடும் ஷாப்பு பக்கமிருந்து. சுண்ணாம்பு நாற்றம். தலையணை உறை துவைத்தேன்.

சாயங்காலம் என் நாய் ஜிம்மி எதிர்வீட்டுக் காதர் பாயைக் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழம். கயிற்றை அவிழ்த்துவிட்டது நான்தான். நாளெல்லாம் கட்டிக் கிடந்ததே என்று இரக்கம். வாசல் படலைச் சாத்த மறந்தேன். பாய் கத்தவில்லை, தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜட்காவில் ஆஸ்பத்திரி. டாக்டர் காயத்தைக் கழுவி, மருந்து வைத்துச் சுட்டார். என்னைப் பார்த்து: “நாயைக் கொல்லாதீங்க. பத்து நாள் கட்டிப்போட்டுப் பாருங்க. நல்லாயிருந்தா வெறிநோய் இல்லை, பயமில்லை. செத்தாலோ, போக்கு மாறினாலோ, அன்னைக்கே இவர் ஊசி போட்டுக்க குன்னூருக்கு ரயிலேறணும்.”

திரும்பினால் வாசலில் தெருவே நிற்கிறது. மூன்றாம் வீட்டு முனுசாமி கையில் தடி. “அடிச்சிப் போட்டுடலாம் ரைட்டரய்யா. பேஜாரு விட்டுச்சு.” கொன்றுவிட்டால் பாய்க்கு ஆபத்து உண்டா இல்லையா என்று தெரியாமலே போய்விடும் என்றேன். யாரும் நம்பவில்லை. பாய்தான் சொன்னார்: “டாக்டர் சொன்னத கேளுங்கப்பா. கடிச்சது என்னத்தானே?”

8, புதன்

சோறு தின்றது. தண்ணீர் குடித்தது. கொல்லையில் இரட்டைக் கயிறு.

தோல் கம்பெனி ஆபீசில் லண்டனுக்கு நான்கு கடிதம். ஒன்றில் தேதி தப்பு.

சாயங்காலம் பாய் நொண்டிக்கொண்டே வந்தார். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டுமாம், கொல்லை வாசலிலேயே நின்றார். “இன்னா, சாப்ட்டுச்சா?” சாப்பிட்டது என்றேன். தலையசைத்துப் போனார். மூன்று வருஷமாக எதிரெதிர் வீடு. இன்றுதான் என் வீட்டுக்குள் வந்திருக்கிறார்.

10, வெள்ளி

ஜிம்மி நலம். பாயை உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். தோல் மண்டியில் தரம் பிரிப்பவர். சம்சாரம் காலமாகி ஆறு வருஷம். மகள் வாணியம்பாடியில். “ஒங்க வூட்ல அம்மா எங்க?” என்று கேட்டார். கமலம் கும்பகோணத்தில், அவள் அண்ணன் வீட்டில் என்றேன். இந்த நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை, போய் ஒரு வருஷமாகிறது என்றும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாய் சிரித்தார். “எனக்கு இந்த வாடை இல்லன்னா தூக்கமே வராது.”

11, சனி

கமலத்துக்குக் கடிதம். நாய் விஷயம் எழுதவில்லை. வெயில் ஜாஸ்தி என்று மட்டும்.

அரிசி, சீயக்காய், விளக்குத் திரி.

13, திங்கள்

காலையில் ஜிம்மி சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துவிட்டது. தண்ணீரையும் தொடவில்லை. கூப்பிட்டால் தலை மட்டும் தூக்கியது. ஆபீசுக்குப் போகவில்லை.

பாய் வழக்கமாக வருவது ஐந்து மணிக்கு. தின்றது என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஒரே ஒரு நாள். நாளைக்குச் சரியாகிவிடும். தெருவும் தடி எடுத்து வராது. இப்படி நினைத்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கம்.

எழுந்து எதிர்வீட்டுக்குப் போனேன். அந்தப் படியில் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. “பாய், இன்னைக்குச் சாப்பிடலை. தண்ணியும் குடிக்கலை.”

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “அப்ப குன்னூரா?”

“டாக்டரைக் கேட்போம். போகணும்னா நானும் கூட வர்றேன்.”

“நாய யாரு பாத்துக்குவா?” தன் காலை விட்டு இதைக் கேட்டார்.

டாக்டரே வந்தார். கோலை நீட்டிப் பார்த்தார், கடிக்கவில்லை. வாயோரம் வீங்கியிருந்தது. கடைவாயில் எலும்புச் சில்லு குத்தி நிற்கிறதாம். வாயில் கை விட வேண்டாம், தானே விழுகிறதா பார்க்கலாம், காலை வரை பொறுங்கள் என்றார். வேலிக்கு மேலாக யாரோ எறிந்த எலும்பாக இருக்கும்.

14, செவ்வாய்

விடியற்காலையில் தரையில் சில்லு, கொஞ்சம் ரத்தம். ஒரு சட்டித் தண்ணீரையும் குடித்தது. தெருவைத் தாண்டி ஓடினேன், சட்டைகூடப் போடாமல். பாய் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். அழுதாரா தெரியவில்லை. நான் அழுதேன்.

17, வெள்ளி

பத்து நாள் முடிந்தது. டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். பாய் தொழுகைக்குப் போகும் வழியில் நின்றார். “அல்லா காப்பாத்துனாரு. இனிமே கட்டியே வைங்க.” சந்தோஷம்தான். ஆனாலும் மனசு முழுக்க இல்லை. ஏன் என்று தெரியும், எழுதக் கூச்சம்.

தெருக்காரர்கள் வந்தார்கள். நாய் இருக்கட்டும், உயரமாகத் தட்டி கட்டுங்கள் என்றார்கள். நியாயம்தான்.

18, சனி

மூங்கில் தட்டி, ஆளுயரம். ஜிம்மி இனித் தாண்டாது. உள்ளேயிருந்து தெரு தெரியவில்லை.

ஐந்து மணிக்குக் கொல்லையில் இரண்டு நாற்காலி போட்டேன். யாரும் வரவில்லை.

19, ஞாயிறு

மேகம். மழை இல்லை. கமலத்தின் கடிதம்: திரும்பி வருவதை ஆடிக்கு மேல் பார்க்கலாம்.

சாயங்காலம் தட்டிக்கு மேலே ஒரு குல்லா போயிற்று. பாய்தான், நொண்டல் குறைந்திருக்கிறது. கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. ஜிம்மி வாலாட்டியது. இனி என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.