கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னல் சீட்

ஏனுங்க,

வெள்ளகோவிலில் உங்கள் அக்கா வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்று என்னிடம் கேட்காமல், ஊரெல்லாம் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போனீர்கள். மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறுகிறேன், அவ்வளவுதான். ஜன்னலோரம் உட்கார்ந்தால், வாரம் முழுக்க மில்லில் கேட்ட இரைச்சல் இரண்டாவது வளைவிலேயே இறங்கிவிடும். மேலே போனதும் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

முதல் தடவை கண்டக்டர், "ஏனுங்க அம்மணி, எறங்கலீங்களா?" என்றார்.

"இல்லீங்க, காத்து வாங்க வந்தேன்" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் போவேன். வாருங்கள், உங்களுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கிறேன். ஜன்னல் சீட்டை மட்டும் கேட்காதீர்கள்.

கோபமில்லாத
உங்கள் வீட்டுக்காரி