என் சொந்த விருப்பம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இந்தச் சிறையில் என்னைச் சலவையிலிருந்து இஸ்திரிக்கு மாற்றிவிட்டார்கள். குளிருக்கு இதமான வேலை.

நேற்று நம் தூதரக அதிகாரி வந்தார். நான் சம்மதித்தால் மிச்சத் தண்டனையை நம் ஊர்ச் சிறையிலேயே கழிக்கலாமாம். நீங்கள் போனில் சொன்னபடி மறுத்துவிட்டேன். "தங்கச்சிக்கு ஒரு வரன் அமையட்டும்ப்பா. நீ இங்க ஜெயில்ல இருந்தா எவன் பொண்ணு எடுப்பான்?" என்றீர்களே.

"யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்டாக வேண்டுமாம். இல்லை என்றேன்.

எழுந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுக்காக விசாரிக்க ஊர்ல உங்க வீட்டுக்குப் போன அதிகாரிக்கு உங்க தங்கச்சிதான் டீ கொடுத்தாங்களாம். அவங்க இடுப்புல இருந்த குழந்தை அவர் கண்ணாடியைப் பிடுங்கிடுச்சாம்."

கல்யாணச் சாப்பாடா கேட்டேன் அப்பா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் வாயை மூட முடியாமல் என் காதில் பூச்சுற்றினீர்கள். மாப்பிள்ளை வீட்டில், நான் வெளிநாட்டில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருப்பீர்கள். பொய்யில்லை, இஸ்திரி போடுகிறேன்.

குழந்தை ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். ஒரு போட்டோ வையுங்கள். முடிந்தால் கம்பளிக் காலுறையும்.

மணி அடித்துவிட்டது, வரிசையில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும். குழந்தை என்றதும் என் முகம் மாறியதைப் பார்த்து, தூதரக அதிகாரி மறுபடி உட்கார்ந்தார். "இப்பவும் மாத்திச் சொல்லலாம் தம்பி. யாராவது வரவேண்டாம்னு சொன்னாங்களா?"

"என் சொந்த விருப்பம்தான் சார்" என்றேன். உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மூத்தவன்