மன்னிக்கவில்லை, எழுந்து வா

ஜூலை 7, திங்கள்

மேற்கு மாம்பலத்து மாடி வகுப்பில் இன்றைய பாடம்: உடம்பு சரியில்லாதவரிடம் ஆங்கிலத்தில் என்ன சொல்வது. புத்தகத்தில் முதல் வாக்கியம் 'கெட் வெல் சூன்'. அடுத்தது 'ஸ்பீடி ரெகவரி', ஏதோ எக்ஸ்பிரஸ் ரயில் போல.

வங்கிப் பரீட்சைக்குப் படிக்கும் மாளவிகா கேட்டாள். "சார், கெட் வெல் சூன் ஒண்ணு போதாதா? எதுக்கு இத்தனை?"

"அது வாழ்த்து இல்லம்மா, உத்தரவு. சீக்கிரம் குணமாகித் தொலைன்னு அர்த்தம்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் நம் ஆட்களைவிட அந்த வாக்கியம் அச்சடித்த அட்டை எவ்வளவோ மேல். இவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அதே நோயில் போய்ச் சேர்ந்த சித்தப்பா கதையைச் சொல்லிவிட்டு வருவார்கள்.

துரைசாமி சப்வேயில் முழங்கால் தண்ணீர். சுற்றி வந்து பஸ் பிடித்து சாந்தோம் சேர இருட்டிவிட்டது. என் மனைவி ஈவ்லின் காபியை நீட்டும்போதே சொன்னாள்.

"ஃபிரெட்ரிக் அண்ணனுக்குத் தொண்டையில கட்டியாம். கேன்சர்னு சொல்லிட்டாங்க."

காபி நன்றாக இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஈவ்லின் நேற்று பார்த்த பார்வைக்குப் பதில் இங்கே இருக்கட்டும்.

ஃபிரெட்ரிக்கும் நானும் ஒரே பெஞ்சில் படித்தோம். படித்த பள்ளியிலேயே ஒன்றாக வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தோம், இருவருமே ஆங்கிலம். தலைமையாசிரியர் பதவி காலியானபோது என் பெயரும் அவன் பெயரும்தான் நிர்வாகத்தின் முன் இருந்தன. கூட்டத்தில் அவனிடம் என்னைப் பற்றிக் கேட்டார்கள். அவன் சொன்னது: "வால்டருக்கு இங்கிலீஷ் இருக்கு. மனுஷங்ககிட்ட பேசத்தான் தெரியாது." ஆசிரியர்கள் சார்பாக அங்கே உட்கார்ந்திருந்த தமிழாசிரியர் சுப்பராமன் அன்று மாலையே என்னிடம் வந்து ஒரு எழுத்து மாறாமல் சொல்லிவிட்டார்.

பதவி அவனுக்கு. மறுமாதம் நான் ராஜினாமா. எம்.ஏ.வில் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாம் இடம் வாங்கியவன் இப்போது 'ஹவ் ஆர் யூ'வுக்குப் பதில் சொல்லப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். ஈவ்லின் மட்டும் அவன் கீழே மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். அதை நான் தடுக்கவில்லை.

இப்படியிருக்க, காபி எனக்கு ஏன் கசக்க வேண்டும்?

ஜூலை 10, வியாழன்

ஆபரேஷனுக்கு முன் ஆளுக்கொரு அட்டை எழுதித் தருவதென்று பள்ளியில் முடிவாம். சுப்பராமன் போன் செய்தார்.

"ஓய், ஒரு உபகாரம். ஃபிரெட்ரிக்குக்கு நாலு வரி இங்கிலீஷ்ல வேணும்."

"நீங்க தமிழ் ஐயா. தமிழ்ல எழுதுங்க."

"தமிழ்ல எழுதினா இவனுக்கு இங்கிலீஷ் வராதுன்னு நினைச்சுப்பான். இங்கிலீஷ்ல எழுதினா சிவப்புப் பேனாவைத் தூக்கிண்டு வருவான். என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையையே திருத்திக் குடுத்தவனாச்சே! நீர் எழுதினா மட்டும்தான் அவனால ஒரு புள்ளி வைக்க முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக எழுதிக் கொடுத்தேன். வேறு காரணம் இல்லை. நீங்கள் இல்லாத பள்ளியில் மணி அடித்தபின் யாரும் ஓடுவதில்லை, ஓடாத பள்ளி பள்ளி மாதிரியே இல்லை என்று ஆங்கிலத்தில். 'கெட் வெல் சூன்' என் கையிலிருந்து வராது.

நல்ல வாக்கியங்கள். சுப்பராமனின் பெயரில் போகும். போகட்டும்.

ஜூலை 12, சனி

சுப்பராமனுக்கு வாய் சும்மா இருக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளியே வரிசையில் நிற்கிறது. கணக்கு டீச்சர், ஆபீஸ் கிளார்க், போன வருடம்தான் சேர்ந்த பி.டி. மாஸ்டர் ஆஸ்வின்.

ஆஸ்வின் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு நின்றான். "சார், எனக்கு விசில்தான் ஊதத் தெரியும். ஏதாவது ஸ்போர்ட்ஸ் பத்தி வர்ற மாதிரி போட்டுக் குடுங்க." போட்டுக் கொடுத்தேன். விளையாட்டு விழாவில் மழை கொட்டியபோது நீங்கள் ஒரு கையில் பந்தல் கம்பையும் மறு கையில் மைக்கையும் பிடித்துக்கொண்டு 'யாரும் போகக் கூடாது' என்று கத்தினீர்கள், யாரும் போகவில்லை, இப்போதும் அந்தக் கம்பை விட்டுவிடாதீர்கள் என்று. ஒரே மூச்சில் வந்தது. பையன் கண்கலங்கிவிட்டான்.

மதியம் பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கப் போன இடத்திலும் விடவில்லை. லூர்தம்மாவின் மகள் அந்தப் பள்ளியில் பிளஸ் டூ.

"சார், நம்ம எட்மாஸ்டருக்கு ஏதோ தொண்டையில கீதாமே. எனக்கும் ஒரு கார்டு எழுதிக் குடு. இங்கிலீஷ்ல."

"என்ன எழுத? வஞ்சிரம் எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோங்கன்னு எழுதவா?"

"ஐயே, மீனைப் பத்தி எழுதாத சார். இங்கிலீஷ்ல மீனு நாறும். பெரிய எடத்துல சொல்ற மாதிரி சொல்லு."

பெரிய இடத்தில் சொல்கிற மாதிரி எழுதினேன். மீனுக்குக் காசு வாங்க மறுத்தாள். வைத்துவிட்டு வந்தேன்.

ஈவ்லின் அட்டைகளைப் படித்துப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் எழுதறீங்க. உங்க பேர்ல ஒண்ணு?"

"பேசத் தெரியாதவன் நான்," என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசையில் நோயாளிகளுக்கான மன்றாட்டில் அவன் பெயரை வாசித்தார்கள். கோயில் முழுவதும் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

நாளை ஆபரேஷன். கட்டி பெரியது, குரல்வளையையே எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அட்டைகளை ஈவ்லின் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சாயங்காலம் அவன் போன் செய்தான். நேரடியாக. இத்தனை வருடம் கழித்து. திரையில் அவன் பெயர் — அழித்துத் தொலைக்காமல் ஏன் வைத்திருந்தேன்? மேஜையில் அது அதிர்ந்து நகர்ந்துகொண்டே வந்தது. ஈவ்லின் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். நின்றது. மறுபடி அடித்தது.

நான் எடுக்கவில்லை.

எதுக்கு எடுக்கணும்? மனுஷங்ககிட்ட பேசத் தெரியாதவன்கிட்ட அவனுக்கு என்ன பேச்சு? படுத்துக்கிட்டதால எல்லாம் சரியாப் போயிடுமா? நோய் வந்தா நியாயம் மாறிடுமா? மாறாது.

ஜூலை 16, புதன்

குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆபத்து தாண்டவில்லை.

ஜூலை 17, வியாழன்

வகுப்பில் மாளவிகா கேட்ட சந்தேகத்துக்கு எரிந்து விழுந்தேன். பிறகு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த போனில் என்ன சொல்லியிருப்பான்? இனி அந்தக் குரலில் அதைக் கேட்க முடியாது. அசெம்பிளியில் மைக் இல்லாமலே கடற்கரை வரை கேட்கும் குரல். சரி. கேட்காவிட்டால் என்ன? அந்தக் குரல்தானே என்னைப் பற்றி அப்படிச் சொன்னது.

இதை எழுதிவிட்டு மூன்று முறை படித்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

ஈவ்லின் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். கழுத்தில் துளை, மூக்கில் குழாய். ஆனால் முழித்திருக்கிறானாம். ஒரு வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதித்தான் பேச்சு.

"அட்டையெல்லாம் ஷெரில் மறுபடி படிச்சுக் காட்டுறா," என்றாள். ஷெரில் அவன் மகள். "ஆஸ்வின் கார்டு வந்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்திட்டார். பலகையில என்ன எழுதினார் தெரியுமா?"

"தெரிய வேண்டாம்."

"'அந்த மழை அடிச்சப்ப ஆஸ்வின் ஒண்ணாங்கிளாஸ். இன்னொரு கம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் ஒருத்தன்தான்.'"

நான் செய்தித்தாளை மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

அவள் விடவில்லை. "அப்புறம் எல்லாத்தையும் திரும்பப் படிக்கச் சொன்னார். சுப்பராமன் சாருது, லூர்தம்மாது, எல்லாம். சிரிச்சார்ங்க. சத்தமே வரல, தோள் மட்டும் குலுங்குது. நர்ஸ் பயந்து ஓடி வந்தாங்க. கடைசியா உங்களுக்குன்னு எழுதினார்."

"என்ன?"

"'ஊரே எழுதியிருக்கு, எழுதினது ஒரே ஆள். அந்த ஆளுக்குச் சொந்தப் பேர்ல எழுத மட்டும் தைரியம் இல்ல.'"

தைரியம்! எனக்கா?

ஜூலை 21, திங்கள்

வகுப்புக்கு லீவ் சொல்லிவிட்டேன். லஸ் முனையில் ஒரு அட்டை வாங்கினேன். முகப்பில் ரோஜாவும் தங்க எழுத்தில் 'கெட் வெல் சூன்'-உம். அந்த மூன்று வார்த்தையையும் பேனாவால் அடித்தேன். உள்ளே ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'உன்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை. எழுந்து வா, நேரில் சொல்கிறேன். — வால்டர்.'

ஈவ்லினிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நோயாளிக்கு இப்படியா எழுதுவாங்க?" என்றாள்.

"அவன் நோயாளி. நான் இல்லை."

உறையில் போட்டுக்கொண்டாள். சிரித்தாளோ என்று சந்தேகம்.

ஜூலை 24, வியாழன்

ஷெரில் போன் செய்தாள். இதை எடுத்தேன். இது அவள் நம்பர்.

"வால்டர் அங்கிள், அப்பா மத்த கார்டெல்லாம் பைல போடச் சொல்லிட்டார். உங்களோடது மட்டும் டிரிப்ஸ் ஸ்டாண்டுல சொருகி வச்சிருக்கார். டியூட்டி டாக்டர் படிச்சுட்டு, யாரு இந்த எதிரின்னு கேட்டார்."

"அப்பா என்ன சொன்னார்?"

"'பெஸ்ட் ஃபிரண்டு'ன்னு எழுதினார். உடனே அழிச்சுட்டு 'எதிரிதான்'னு எழுதினார்."

"ரெண்டாவதுதான் சரி."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டான். நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். எழுதியதைச் செய்கிறவன் நான். பூசை முடிந்து போனேன்.

பாதியாகிவிட்டான். கழுத்தில் வெள்ளைத் துணி. என்னைப் பார்த்ததும் பலகையை எடுத்து எழுதினான்: 'சொல்லு.'

சொன்னேன். கூட்டம், ராஜினாமா, மாடி வகுப்பு, எல்லாம். முதல்முறையாக அவன் குறுக்கே பேசவில்லை. பேச முடியாதவனிடம் கத்துவது இவ்வளவு எரிச்சலான காரியம் என்று எனக்குத் தெரியாது. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் எழுதினான்: 'மெதுவாடா. பி.பி. ஏறும்.'

"அன்னைக்கு எதுக்குடா போன் பண்ணே?"

'கார்டைப் பார்த்தேன். பந்தல் கம்பு. சிரிக்கத்தான் கூப்பிட்டேன். சத்தமா சிரிக்க அதுதான் கடைசி நாள்.'

நான் எழுந்து வந்துவிட்டேன். செருப்பை அங்கேயே விட்டு வந்தது ஃபோர்ஷோர் எஸ்டேட் திருப்பத்தில்தான் தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை. கால் சுடட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செருப்பை எடுக்கப் போனேன். மதியச் சாப்பாடு அங்கேயே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஞாயிறானால் அவனைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவன் எழுத, கண்ணாடி எடுத்துவராதவர்களுக்காக ஷெரில் படித்துச் சொல்வாள். இன்று அவள் கடைக்குப் போயிருந்தாள். அதனால் நான் படித்தேன். அவ்வளவுதான்.

லூர்தம்மா வந்தாள், மீனோடு. "கெட் வெல் சூன் சார்," என்றாள், ஒரே மூச்சில், மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைப் போல. அவன் எழுதினான். நான் உரக்கப் படித்தேன். "பொண்ணு லீவ் போடாம வரணுமாம். மீனு நாறலையாம்." அவள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

பிறகு சுப்பராமன், பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் மைத்துனருக்கு இதே தொண்டையில் இதே இடத்தில் வந்த கதையை ஆரம்பித்தார். ஃபிரெட்ரிக் கையைக் காட்டி நிறுத்தினான். பலகையை மடியில் வைத்து வெகுநேரம் எழுதினான். மார்க்கர் காய்ந்துபோயிருந்தது. எழுதின எழுத்தின் மேலேயே மறுபடி மறுபடி எழுதினான். என் பக்கம் திருப்பினான்.

'சுப்பு, அன்னைக்குக் கூட்டத்துல நீயும் இருந்தே. வால்டரைப் பத்தி நான் சொன்னது தப்பு. அந்தப் பதவி அவனுக்கு வர வேண்டியது.' கீழே, எனக்கு: 'படிடா. சத்தமா.'

சுப்பராமன் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். "என்ன எழுதியிருக்கான் ஓய்?"

இத்தனை வருடம் நான் கேட்க நினைத்த வாக்கியம். இனி அது வெளியே வருவதென்றால் என் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

"ஹார்லிக்ஸ் வேண்டாமாம்," என்றேன். "எடுத்துக்கிட்டுப் போகச் சொல்றான்."

துணியால் பலகையைத் துடைத்தேன். ஃபிரெட்ரிக்கின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பா வேறெதுவுமா என்று நான் பார்க்கவில்லை. சுப்பராமன் கோபித்துக்கொண்டு மைத்துனர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வாரம் போகும்போது புது மார்க்கர் வாங்கிப் போக வேண்டும். சிவப்பு வேண்டாம்.