சாயம் போன சட்டை

ஜூன் 14, சனி இரவு

கை இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. பாரிஸ் லா சப்பலில் ஈழத்தமிழர் கடையொன்றில் வாங்கிய கட்டம் போட்ட சட்டை, முதல் துவைப்பிலேயே என் வெள்ளைப் படுக்கை விரிப்பையும் சிவப்பாக்கிவிட்டது. ஈரத்தோடு கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டை போட்டேன்.

"ஓம் தம்பி, மாத்தித் தாறன்" என்றார் கடைக்கார அண்ணை.

பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண்மணி சாயம் வழிவதைப் பார்த்துத் துள்ளி, ஆங்கிலத்தில் சொன்னார்: "இது அசல் மெட்ராஸ் துணி!" அவருடைய அப்பா காலத்தில் அமெரிக்காவிலும் இதே புகார் வந்ததாம். விற்றவர்கள் அசரவில்லை, சாயம் போவதுதான் அசலுக்கு அடையாளம் என்றே விளம்பரம் செய்தார்களாம். அப்புறம் வெளுக்க வெளுக்கத்தான் மதிப்பாம்!

மெட்ராஸில் பிறந்த எனக்கு இது தெரியவில்லை!

அண்ணை கையிலிருந்து சட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். "மாத்த வேணாம்ணே!"

"அப்ப விலையைக் கூட்டட்டோ?" அண்ணை சிரித்தார்.

சிவந்த விரிப்பு காய்ந்துவிட்டது. பாரிஸில் இன்று மெட்ராஸ் மேல் படுத்துத் தூங்கப்போகிறேன்.