மருமகன் வாழைத்தோப்பைப் பார்த்துச் சொன்னது

கலுங்கு
3 மார்ச் 1997

அன்புள்ள ஸ்கொலா அக்காவுக்கு,

நீயும் லுலே அத்தானும் கம்பாலாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

அம்மாவால் இப்போது பாயிலிருந்து தானாக எழுந்திருக்க முடிவதில்லை. போன மழைக்கு முன்புகூடக் கோலூன்றி நடந்தவள். குளிக்க வைக்க நான் ஒருத்தியாகத் தூக்குகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து விழாத நாள் குறைவு.

ஆட்களுக்கு மட்டும் குறைவில்லை. மாதா கோயில் பெண்கள் தினமும் பார்க்க வருகிறார்கள். நான் மண்டியிட்டு வரவேற்று, தேநீர் போட்டு, வாழைக்காய் அவித்து வைக்கிறேன். என்னை நல்ல பெண் என்கிறார்கள், போய்விடுகிறார்கள். கழுவத் தட்டுகள்தான் மிச்சம். அவர்களை ஒரு கை பிடிக்கச் சொல்லலாமா என்றால் அம்மா முறைக்கிறாள். "பாக்க வந்தவங்கள வேலை வாங்கறதா? நான் செத்தப்புறம் வாங்கு." எனக்கோ நாலு பேர் முன்னால் குரலே எழும்பாது.

தையல்கார அம்மா ஈஸ்டர் வரைதான் எனக்குத் தையல் பழக இடம் வைத்திருப்பாளாம். செவ்வாய், வியாழன் காலை மட்டும். பள்ளிக்கூடம் போயிற்று, இதுவும் போகக் கூடாது. நீ வந்து அந்தக் கோயில் பெண்களிடம் பேசு.

உன் தங்கை,
ரெஸ்தி


கம்பாலா
9 மார்ச் 1997

என் தங்கம் ரெஸ்தி,

விடுதிச் சமையலறையில் லீவு கேட்டால் ஈஸ்டர் முடியட்டும் என்கிறார்கள். சனிக்கிழமை உன் அத்தானை அனுப்புகிறேன். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. என்ன வேண்டுமோ சொல், வெட்கப்படாதே. வருகிறவர்களிடம் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லக்கூடவா உனக்கு வாயில்லை? அம்மாவுக்குச் சோப்பும் சர்க்கரையும் கொடுத்து விடுகிறேன்.

முத்தங்களுடன்,
ஸ்கொலா


கலுங்கு
16 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் வந்தார். நகரத்துக்குப் போனால் எல்லாம் மறந்துவிடுமா? அம்மாவைத் தூக்க அவளுடைய மருமகனையா அனுப்புவது? நம் வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்க்கவே கூடாதவர்கள், தொடுவது எங்கே?

அவர் குரல் கேட்டதும் அம்மா முற்றத்தில் படுத்தபடியே போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். மருமகன் வந்தால் கோழி அடிக்காமல் முடியுமா? நான் அதைப் பிடிக்க ஓடினேன். அதற்குள் அம்மா வீட்டுக்குள் ஊர்ந்து போகப் பார்த்து வாசற்படியில் சரிந்துவிட்டாள். அத்தான் இரண்டடி எடுத்து வைத்தார், நின்றார், வாழைத்தோப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் ஃபெலிஸ்தாவும் வேறு இரண்டு கோயில் பெண்களும் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அத்தான் திரும்பாமலே சொன்னார். "ஒருத்தங்க தோளைப் பிடிங்க. மத்த ரெண்டு பேரும் இடுப்புக்குக் கீழ கை குடுங்க. நான் தொட முடியாது, உங்களுக்கென்ன தடை?"

தூக்கினார்கள். அவர் அதோடு விடவில்லை. வாழை மரங்களைப் பார்த்தபடியே, செவ்வாய்க்கிழமை யார் குளிப்பாட்டுவது, வியாழக்கிழமை யார் தண்ணீர் எடுப்பது என்று கேட்டு முடிவு செய்தார். மருமகனை மறுத்து அம்மாவால் என்ன பேச முடியும்? போர்வைக்குள் பெருமூச்சு மட்டும் கேட்டது.

அவர் போனதும் வசவெல்லாம் எனக்கு. "ஊரைக் கூட்டி என்னை ஏலம் போட்டுட்டான்." செவ்வாய்க்கிழமை யாரையும் உள்ளே விடக் கூடாதாம். நீ உதவி செய்ததில் நான் கோழியையும் இழந்தேன்.

ரெஸ்தி


கலுங்கு
18 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று ஃபெலிஸ்தா வந்து வழக்கம்போல் உட்கார்ந்துகொண்டாள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "நான் தையலுக்குப் போகணும்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.  அம்மா சுவரிடம் சொன்னாள்: "மருமகன் சொல்லிட்டுப் போனத நான் எப்படித் தட்டறது? குடம் அடுப்படில இருக்கு, ஃபெலிஸ்தா."

போனேன். ஆனால் துணியில் கண் நிற்கவில்லை. அம்மாவைக் கீழே போட்டிருப்பாளோ என்று பாதியில் ஓடி வந்தேன். குளித்து எண்ணெய் பூசி உட்கார்ந்திருந்தாள், ஃபெலிஸ்தா எதையோ சொல்லச் சிரித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"இல்லம்மா."

"அப்ப இங்க உனக்கு என்ன வேலை?"

ஓடி வந்த வழியிலேயே திரும்ப நடந்தேன் அக்கா, அழுகையும் கோபமுமாக. தையல்கார அம்மா மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தாள்.

ரெஸ்தி